மீதி வாக்கியம்

நெப்ராஸ்கா
12 செப்டம்பர் 1999

அய்பேரியின் அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் மகளும் நலம்தானே? போன கடிதத்தில் ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டேன். எழுதி எழுதி அடித்தேன். இப்போது நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் நடந்த ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் நான் தேறவில்லை.

முதல் வருடம் உதவித்தொகையில் ஓடிவிட்டது. இரண்டாம் வருடத்திலிருந்து பாடம் நடத்திக்கொண்டேதான் படிக்க முடியும். இளநிலை மாணவர்களுக்கு வேதியியல் ஆய்வுக்கூடம் நடத்த வேண்டும். அதற்குப் பதிலாகத் துறை என் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து சம்பளமும் தரும். ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் வகுப்பில் நிற்க வேண்டுமென்றால் பேச்சுத் தேர்வில் ஐம்பது எடுத்தாக வேண்டும். நான் நாற்பத்தைந்து. எழுத்துத் தேர்வில் எங்கள் துறையில் என்னைவிட அதிகம் எடுத்தவர் கிடையாது. வாய்தான் காலை வாரிவிட்டது. ஒரு சிறு அறையில் தனியாக உட்கார வைத்துவிடுகிறார்கள். ஒலிநாடாவில் கேள்வி ஓடும், நாம் மைக்கைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். எதிரில் ஒரு மனித முகம் இருந்தால் எவ்வளவோ தேவலை.

ஜனவரியில் இன்னொரு வாய்ப்பு. அதுதான் கடைசி. அதுவரை பேராசிரியர் லிண்ட்குவிஸ்ட் தன் பொறுப்பில் எனக்கு ஒரு வகுப்பைக் கொடுத்திருக்கிறார். ஜனவரியிலும் தவறினால் வேலை போய்விடும். வேலை போனால் படிப்பு, படிப்பு போனால் விசா.

முதல் வகுப்பில் பின்வரிசைப் பையன் ஒருவன், “இன்னைக்கு கிளாஸ் இங்கிலீஷ்லதானே?” என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தார்கள் என்பது வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் புரிந்தது.

மிஸஸ் ஹாலன் என்று ஓர் அம்மாள் உச்சரிப்பு சொல்லித் தருகிறார். நமக்கு ‘வ’ ஒன்றுதான். இவர்களுக்கு இரண்டு. பல்லால் கீழுதட்டைத் தொட்டுச் சொல்வது ஒன்று, உதட்டைக் குவித்துச் சொல்வது ஒன்று. ‘வாட்டர்’ என்று சொல்ல உதட்டைக் குவிக்க வேண்டும். நான் பல்லால் கடித்துவிடுகிறேன். கண்ணாடி முன்னால் நின்று, முத்தம் கொடுப்பது போல உதட்டைக் குவித்துக் குவித்துப் பழகுகிறேன். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்களோ!

உங்களுக்கும் அய்பேரிக்கும் பாஸ்போர்ட்டுக்கு இப்போதே போட்டுவிடுங்கள். நான் தேறிவிட்டால் மே மாதம் குடும்பக் குடியிருப்பில் வீடு தருவார்கள். தேறிவிடுவேன். நீங்களும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள்.

கனிஷாய்

*

கரகோல்
5 அக்டோபர் 1999

என் கனிஷ்,

எனக்கு எழுத வராதுன்னு உனக்குத் தெரியும். ரேடியோவுல பேசுற மாதிரியே எழுதுறேன், நீ காதால படிச்சுக்கோ.

முதல்ல செய்திகள். அய்பேரி ஒண்ணாங்கிளாஸ் போக ஆரம்பிச்சாச்சு. முன்பல்லு ரெண்டும் விழுந்தாச்சு. ‘ச’ வர்ற இடமெல்லாம் காத்துதான் வருது. “அம்மாவும் பொண்ணும் ஒரே நேரத்துல பேசக் கத்துக்குறாங்க”ன்னு ரேடியோ ஸ்டேஷன்ல சொல்லிச் சிரிச்சேன். சிரிச்சதுக்கப்புறம் ஒரு மாதிரி ஆயிடுச்சு, அது வேற விஷயம்.

அண்ணி நேத்து வந்தாங்க. நான் மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்தேன். “என்ன கொழுந்தனாரே, பொண்டாட்டி அமெரிக்காவுல, புருஷன் அடுப்படியில. பூப்போட்ட ஏப்ரன் ஒண்ணு தெச்சுத் தரட்டுமா?”ன்னு கேட்டாங்க. “தைங்க, பாக்கெட் வெச்சுத் தைங்க”ன்னேன். வாய் விட்டேனே தவிர, அன்னைக்கு எண்ணெயில போட்ட போர்சோக் ஒண்ணுகூட உப்பல.

இப்ப பாஸ்போர்ட் விஷயம். கனிஷ், நான் போடல. போடவும் போறதில்ல.

நான் சந்தைக்குப் போனா, வாயைத் திறந்ததும் ரொட்டிக்காரம்மா, “அட, காலைச் செய்தி!”ங்குறாங்க. கல்யாண வீட்டுல நான் மைக்கைப் பிடிச்சாத்தான் புளிச்ச குதிரைப்பால் குமிஸை ஊத்தவே ஆரம்பிப்பாங்க. மூஞ்சி தெரியாத மேய்ச்சல்காரனுக்குக்கூட என் குரல் தெரியும். இந்தக் குரலை விட்டா எனக்கு என்ன இருக்கு? அங்க வந்தா நான் யாரு? வாயில்லாத ஒரு ஆம்பளை, கனிஷாயோட புருஷன். தட்டு கழுவுறவன்கூட தட்டு எங்கன்னு கேக்கணுமே!

ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. ஜனவரியில தோத்துட்டு வந்துடு. இங்க உனக்குக் காலேஜ்ல வேலை காத்துக்கிட்டு இருக்கு. உன்னைப் பாத்து எவனும் சிரிக்க மாட்டான். நம்ம பாஷையில நீ பேசினா எவ்வளவு அழகுன்னு உனக்கே மறந்துபோச்சு.

குபாத்

*

நெப்ராஸ்கா
27 அக்டோபர் 1999

குபாத்,

பெயர் சொல்லி எழுதுகிறேன். ‘நீ’ என்றும் எழுதப் போகிறேன். உன் அண்ணி முன்னால் படித்துக் காட்டாதே.

தோற்றுவிட்டு வா என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாய்! உன் குரலைக் கேட்டு ஊரே திரும்பிப் பார்க்கிறது. நான் வாயைத் திறந்தால் எதிரில் இருக்கிறவர்கள் நெற்றியைச் சுருக்குகிறார்கள். இருபது நெற்றிகள். வாரம் இருமுறை அவற்றின் முன்னால் போய் நிற்கிறேன். வாய் போய்விடுமே என்று நீ அங்கே உட்கார்ந்து பயப்படுகிறாய். நான் வாய் போன பிறகும் தினமும் எழுந்து முகம் கழுவி, போய் நிற்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீ அப்படி நின்று பார்.

வகுப்பில் மிண்டி என்று ஒரு பெண் இருக்கிறாள். நான் சொல்வதைத் தன் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் திருப்பிச் சொல்வாள். நான் சொன்னதையேதான் சொல்வாள், அதே சொற்கள். அவள் சொன்னால் புரிகிறது. நான் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி நின்று கரும்பலகையைத் துடைப்பேன். துடைக்க ஒன்றும் இருக்காது.

நீ வராவிட்டால் போ. உன் ரேடியோவைக் கட்டிக்கொண்டு இரு. ஜூனில் நானே வந்து அய்பேரியை அழைத்துக்கொண்டு போகிறேன். என் மகள் என்னோடு இருக்கட்டும்.

கனிஷாய்

*

கரகோல்
18 நவம்பர் 1999

கனிஷாய்,

‘நீ’ போட்டு எழுதினது பத்தி ஒண்ணுமில்ல. அதைவிடப் பெரிய விஷயம் கடைசி ரெண்டு வரியில இருக்கு.

என் மகள், என் மகள்னு எழுதியிருக்க. அவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப ராத்திரி முழுக்க முழிச்சிருந்தது யாரு? தலை பின்னக் கத்துக்கிட்டது யாரு? கோணல்மாணலா இருக்குன்னு ஸ்கூல்ல சிரிச்சாங்களாம். அவ என்கிட்ட சொல்லாம, மறுநாள் குல்லாவைக் கழட்டாம உக்காந்திருக்கா. டீச்சர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

நோட்டரி ஆபீஸ்ல விசாரிச்சுட்டேன். தகப்பன் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடாம குழந்தை எல்லையைத் தாண்ட முடியாது. அந்தக் கையெழுத்தை நான் போட மாட்டேன்.

இங்க குளிர் ஆரம்பிச்சாச்சு. கரி வந்து இறங்கிடுச்சு. வேற செய்தி இல்ல.

குபாத்

*

நெப்ராஸ்கா
21 நவம்பர் 1999

அய்பேரியின் அப்பாவுக்கு,

என் போன கடிதத்துக்கு உங்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. கோபமாக இருப்பீர்கள். அந்தச் சண்டையை ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள். வகுப்பில் ஒரு விபத்து நடந்துவிட்டது.

பிரிபுனல் என்று ஒரு கண்ணாடிப் பாத்திரம். ஒரு முனையில் மூடி, மறு முனையில் திறந்து மூடும் குழாய். அமிலம் கலந்த கரைசலோடு சோடா உப்புக் கரைசலைச் சேர்த்துக் குலுக்க வேண்டும். குலுக்கினால் உள்ளே வாயு பொங்கும். அடிக்கடி குழாயைத் திறந்து அதை வெளியே விடாவிட்டால், குலுக்கிய சோடா பாட்டில் மாதிரி மூடி பிய்த்துக்கொண்டு போகும். வாயுவை வெளியே விடு என்பதற்கு இங்கே ‘வென்ட் இட்’ என்பார்கள்.

டெரிக் என்று ஒரு பையன். முதல் நாள் இங்கிலீஷ்லதானே என்று கேட்டவன் இவன்தான். அறையின் அந்தக் கோடியில் நின்று குலுக்கிக்கொண்டிருந்தான். வாயுவை விடவில்லை. பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்திருந்தான். நான் இந்தக் கோடியிலிருந்து “டெரிக், வென்ட் இட்!” என்று கத்தினேன். என் பக்கம் திரும்பிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். மூடி தெறித்தது. கரைசல் முகத்தில் அடித்தது. கண்கழுவும் குழாய்க்கு அவனைத் தள்ளிக்கொண்டு போய்த் தலையைப் பிடித்து அழுத்தினேன். “கண்ணு தெரியல, கண்ணு தெரியல” என்று அலறினான். நான் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். நம் மொழியில் சொன்னேன் என்று பிறகு மிண்டி சொன்னாள்.

இடது கண்ணில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். பார்வை திரும்புமா என்று இன்னும் சொல்லவில்லை.

டெரிக்கின் அப்பா பல்கலைக்கழகத் தலைமைக்கே எழுதிவிட்டார். பேசத் தெரியாதவளை எதற்கு ஆய்வுக்கூடத்தில் விட்டீர்கள் என்று கேட்கிறார். விசாரணை வைக்கப்போகிறார்கள். லிண்ட்குவிஸ்ட் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நீங்க எச்சரிச்சீங்க, அவன் கவனிக்கல. கண்ணாடியையும் கழட்டியிருந்தான். இதை அப்படியே எழுதிக் கொடுத்துடுங்க. இந்த விஷயம் உங்க உச்சரிப்புப் பக்கம் திரும்பக் கூடாது. திரும்பினா ஜனவரி வரைக்கும்கூட என்னால உங்களைக் காப்பாத்த முடியாது” என்றார்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். தெளிவாக எச்சரித்தேன், மாணவன் அலட்சியமாக இருந்தான் என்று. கவனக்குறைவு என்று முடிவானால் அவனைப் பாடத்திலிருந்து நீக்குவார்கள். கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்று இருப்பவன். அது அவனுக்குப் பெரிய அடி.

நான் எழுதியது பொய்யில்லை. கத்தினேன், அது உண்மை. ஆனால் கத்தியபோது என் பல் உதட்டைத் தொட்டதா, இல்லை உதடு குவிந்திருந்ததா? எத்தனை தடவை யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை.

கனிஷாய்

*

கரகோல்
11 டிசம்பர் 1999

கனிஷ்,

உன் கடிதத்தை ஸ்டேஷன்ல வெச்சுப் படிச்சேன். அடுத்து வானிலை வாசிக்கணும். வெப்பநிலையை ரெண்டு தடவை தப்பா வாசிச்சேன்.

நீ எழுதிக் கொடுத்தது சரி. அதுலயே நில்லு. ஒரு அங்குலம்கூட நகராத. அவன் கண்ணாடியை நெத்தியில மாட்டிக்கிட்டு நிப்பானாம், பழி உன் நாக்கு மேலயாம்! பல்லு எங்க இருந்துச்சு, உதடு எங்க இருந்துச்சுன்னு நீயே உன்னை விசாரிக்காத. விசாரிக்கத்தான் அங்க ஒரு கூட்டமே உக்காந்திருக்கே.

எனக்கே என்னைப் பாத்தா விசித்திரமா இருக்கு. தோத்துட்டு வான்னு எழுதினவன் நான்தான். இப்ப எவனோ ஒருத்தன் உன்னைத் தோக்கடிக்கப் பாக்குறான்னதும் ரத்தம் கொதிக்குது. நான் சொன்னா அது வேற. அவங்க யாரு சொல்றதுக்கு?

கையெழுத்து விஷயத்துல நான் மாறல. அதையும் சொல்லிடறேன். ஆனா அது நமக்குள்ள. இது வேற சண்டை, இதுல நான் உன் பக்கம்.

புதுவருஷத்துக்குத் தபாலாபீஸ் போன்ல உன்னைக் கூப்பிடுறேன். பதிவு பண்ணியாச்சு. அய்பேரி என்ன பேசணும்னு இப்பவே ஒத்திகை பாத்துக்கிட்டிருக்கா.

குபாத்

*

நெப்ராஸ்கா
17 டிசம்பர் 1999

அய்பேரியின் அப்பாவுக்கு,

கையெழுத்துப் போட மாட்டேன் என்ற உங்கள் கடிதம் வந்தது. அய்பேரி குல்லாவோடு உட்கார்ந்திருந்த இடத்தைப் பலமுறை படித்தேன். அதைப் பற்றிச் சண்டை போட இப்போது தெம்பில்லை. நேற்று விசாரணை நடந்தது.

நீளமான மேஜை. மூன்று பேராசிரியர்கள், லிண்ட்குவிஸ்ட், பாதுகாப்பு அதிகாரி. ஒரு பக்கம் நான், எதிரில் டெரிக். கட்டு அவிழ்த்துவிட்டார்கள். கண் சிவந்திருந்தது, ஆனால் பார்வை திரும்பிவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. நான் எழுதிக் கொடுத்ததை அதிகாரி வாசித்தார். பிறகு டெரிக்கைப் பார்த்து, “அவங்க எச்சரிக்கல, சும்மா நின்னாங்கன்னு உங்க அப்பா எழுதியிருக்காரே?” என்று கேட்டார்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அது அப்பா எழுதினது. நான் அப்படிச் சொல்லல. அவங்க என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. நான் திரும்பினேன். ‘அது எப்போ...’ன்னு ஆரம்பிச்சாங்க. அவங்க எப்பவுமே நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவாங்க. மீதியைச் சொல்வாங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். முதல் நாள் அவங்களைக் கிண்டல் பண்ணிட்டேன்னு மிண்டி என்னைத் திட்டியிருந்தா. அதனால குறுக்க பேசக் கூடாதுன்னு நின்னேன்.”

அதிகாரி என் தாளை மறுபடியும் எடுத்துப் பார்த்தார்.

‘வென்ட் இட்’ என்று நான் சொன்னது, நடுவில் இருந்த ‘ட்’ தேய்ந்து, அவன் காதில் ‘வென் இட்’ என்று விழுந்திருக்கிறது. உதட்டைக் குவித்துச் சொன்னால் அது ‘அது எப்போது’ என்று தொடங்கும் பாதி வாக்கியம். தேர்வுக்காக இரண்டு மாதம் குவிக்கக் குவிக்கப் பழகிய உதடு, குவிக்கக் கூடாத இடத்தில் குவிந்துவிட்டது. அவன் அலட்சியமாக நிற்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தான். இந்த ஊரில் என் பேச்சு முடியட்டும் என்று இவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தவன் அவன் ஒருவன்தான். அவனைத்தான் நான் அலட்சியக்காரன் என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

அந்தத் தாளைத் திருப்பிக் கேட்டேன். லிண்ட்குவிஸ்ட், “அவசரப்படாதீங்க, கொஞ்சம் யோசிங்க” என்றார். “யோசிச்சுட்டேன்” என்றேன். பிறகு சொன்னேன். சொல்லைத் தவறாகச் சொன்னது நான். அவன் கண்ணாடி போடாததும் உண்மை. அதைக் கண்டதுமே நான் நடந்துபோய் என் கையாலேயே குழாயைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். கத்தியது தப்பு. இதைச் சொல்லும்போது இலக்கணம் எங்கெங்கோ இடித்தது. ஆனால் அவர்கள் யாரும் நெற்றியைச் சுருக்கவில்லை.

டெரிக்குக்கு எச்சரிக்கை மட்டும். பாடத்தை அடுத்த பருவத்தில் மறுபடி எடுக்கலாம். என்னை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். தேர்வு வரை பொருள்கிடங்கின் ஜன்னலில் நின்று குடுவைகளை எடுத்துக் கொடுக்க வேண்டும். பல்லைக் காட்டினால் போதும், பேச வேண்டியதில்லை.

வெளியே தாழ்வாரத்தில் மிண்டி, “நீங்க பேசாமலே இருந்திருக்கலாம்” என்றாள். கோபமா பரிவா, தெரியவில்லை.

ஜனவரியில் தேறாவிட்டால் நீங்கள் கேட்டது தானாகவே நடந்துவிடும்.

கனிஷாய்

*

கரகோல்
3 ஜனவரி 2000

கனிஷ்,

உன் டிசம்பர் கடிதம் இன்னும் வந்து சேரல. விசாரணையில நடந்தது நீ போன்ல சொல்லித்தான் தெரியும். சொன்னதும் நான் கத்தினேன். “பைத்தியமாடி உனக்கு? எழுதிக் கொடுத்ததைத் திருப்பி வாங்குற ஆளை எங்கயாவது பாத்திருக்கியா?”ன்னு தபாலாபீஸே திரும்பிப் பாக்குற மாதிரி கத்தினேன். லைன் கட்டாயிடுச்சு. பதிவு பண்ணின நேரம் முடிஞ்சுபோச்சு.

அய்பேரி பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா. ரிசீவரை வாங்க ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு. அவளுக்கான நேரத்தையும் நானே கத்தித் தீத்துட்டேன். அழல. கையை மெதுவா கோட்டுப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டா, அவ்வளவுதான்.

அன்னைக்குப் புதுவருஷ விருந்துக்கு அண்ணன் வீட்டுல எல்லாரும் வந்திருந்தாங்க. யாரோ அவகிட்ட, “உங்கம்மா அமெரிக்காவுல என்ன பண்றாங்க?”ன்னு கேட்டாங்க. அவ சொல்றா, “எங்கம்மா பேசக் கத்துக்குறாங்க. கத்து முடிச்சதும் என்கிட்ட பேசுவாங்க.” அண்ணி எழுந்து வந்து அவ தட்டுல இன்னொரு கறித்துண்டை வெச்சாங்க. அப்படி ஒரு நாளை நான் பாத்ததே இல்ல.

அவளுக்கு அது எப்படித் தெரியும்? நான் ஸ்டேஷன்ல அடிச்ச ஜோக்குதான் சுத்திச் சுத்தி அவ காதுக்குப் போயிருக்கு.

உன் தேர்வுக்கு முன்னாடி இது வந்து சேருமான்னு தெரியல. சேர்ந்தா இதைக் கேட்டுக்கோ. எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழில் இதுதான். மைக்குக்குப் பின்னாடி ஊரே இருக்குன்னு நெனச்சா தொண்டை கட்டிக்கும். ஒரே ஒரு ஆளை நெனச்சுக்கோ. நான் அண்ணியை நெனச்சுப்பேன், ஏன்னா எதைச் சொன்னாலும் நம்ப மாட்டாங்க. அவங்களை நம்ப வெச்சுட்டா ஊரே நம்பும். அப்புறம், தப்பா வாசிச்சா நிறுத்து. ‘மன்னிக்கணும்’னு சொல்லித் திரும்ப வாசி. கேக்குறவன் தப்பை மன்னிச்சுடுவான். மென்னு முழுங்கினாத்தான் மன்னிக்க மாட்டான்.

நீ செஞ்சது சரியா தப்பான்னு எனக்கு இன்னும் பிடிபடல. ஆனா நான் கத்தினது தப்பு.

குபாத்

*

நெப்ராஸ்கா
30 ஜனவரி 2000

அய்பேரியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் தேர்வு முடிந்து ஒரு வாரம் கழித்து வந்தது. அண்ணியை நினைத்துக்கொள்ளும் இடம் வந்ததும் சிரித்துவிட்டேன். அதற்கு மேலே அய்பேரி சொன்னதை மறுபடி படித்த பிறகு, கிடங்கு ஜன்னலில் ‘சற்று நேரத்தில் வருகிறேன்’ அட்டையை மாட்டிவிட்டு உள்ளே போய் அழுதேன்.

தேர்வு இந்த முறை இரண்டு பாகம். ஒலிநாடா பழையபடிதான். அடுத்தது புதிது. வகுப்பு நடத்துவது போல ஒரு பாடம் நடத்த வேண்டும். கீழே மூன்று தேர்வாளர்களும் இரண்டு மாணவர்களும். படிகமாக்கல் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசினேன். நடுவில் ஒரு மாணவன் வேகமாக ஏதோ கேட்டான். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. முன்பாக இருந்தால் தலையை ஆட்டி, புன்னகை செய்து, எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். “எனக்குப் புரியல, திரும்பச் சொல்லுங்க” என்றேன். சொன்னான். மறுபடியும் புரியவில்லை. “இன்னொரு தடவை, வேற மாதிரி” என்றேன். ஒரு தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாம் தடவை பிடித்துவிட்டேன். கரைசலைச் சட்டென்று குளிரவைத்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறான், அவ்வளவுதான். படம் போட்டுக் காட்டினேன்.

ஐம்பது வந்திருக்கிறது. சரியாக ஐம்பது. ஒன்று குறைந்திருந்தாலும் இந்தக் கடிதத்தை நான் பெட்டி கட்டிக்கொண்டு எழுதியிருப்பேன். லிண்ட்குவிஸ்ட் கையைக் குலுக்கி, “உண்மையைச் சொல்றேன், நான் நம்பல” என்றார். நானும்தான்.

எனக்கே எனக்கென்று ஒரு வகுப்பு தந்திருக்கிறார்கள். முதல் நாள் போய் நின்று, “நான் சொல்றது புரியலன்னா யாரும் மரியாதைக்காகக் காத்திருக்காதீங்க. குறுக்க பேசுங்க” என்றேன். சிலர் சிரித்தார்கள். இந்தத் தடவை எதற்கென்று உடனே புரிந்தது.

டெரிக் அந்த வகுப்பில் இல்லை. வேறு பிரிவில் சேர்ந்துவிட்டான். எனக்கு அது கொஞ்சம் வலித்தது. ஆனால் அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஜூனில் வருகிறேன். கையெழுத்துக் கேட்டு வரவில்லை. உங்கள் குரலைப் பற்றி அன்று நீங்கள் எழுதியபோது, பயந்து சாக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். இங்கே ஒன்றரை வருடம் குரல் இல்லாமல் இருந்தவளுக்கே அது உறைக்கவில்லை. நீங்கள் வர வேண்டாம். வந்து பாத்திரம் கழுவ வேண்டாம். அய்பேரி விஷயத்தில் என்ன முடிவானாலும், அதை நேரில் உட்கார்ந்து பேசுவோம். போனில் வேண்டாம்.

கனிஷாய்

*

கரகோல்
26 பிப்ரவரி 2000

என் கனிஷ்,

ஐம்பது! அண்ணிக்குச் சொன்னேன். “நூத்துக்கு ஐம்பதா? இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?”னாங்க. “அறுபதுக்கு”ன்னேன். “அப்ப சரி”ன்னு போய் மாவு பிசைய உக்காந்துட்டாங்க. சாயங்காலம் அக்கம்பக்கமெல்லாம் போர்சோக் போச்சு. எதுக்குன்னு கேட்டவங்ககிட்ட எல்லாம், “எங்க வீட்டுப் பொண்ணு அமெரிக்காக்காரனுக்கு பாடம் நடத்துறா”ன்னு அண்ணிதான் சொன்னாங்க. நான் வாயே திறக்கல.

ஜூன் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்னு நேத்து நானே நோட்டரி ஆபீஸ் போயிட்டேன். அய்பேரியையும் கூட்டிக்கிட்டுப் போனேன். அவளை வெளிய பெஞ்சுல உக்கார வெச்சுட்டு உள்ள போனேன்.

நான் வரல கனிஷ். அடுத்த வருஷம் என்னன்னு அடுத்த வருஷம் பாப்போம். கோடை முழுக்க நாம மூணு பேரும் ஏரிக்கரையில இருப்போம். அப்புறம் நீ அவளைக் கூட்டிக்கிட்டுப் போ. பேசக் கத்து முடிச்சாச்சுல்ல, அவகிட்ட பேசு. தலை பின்ன வேண்டாம்னு சொல்லுவா, விட்டுடாத. நடு வகிடு எடுத்தா பிடிக்காது. பால் சூடா இருந்தா குடிக்க மாட்டா, ஆறினாலும் குடிக்க மாட்டா. அதுக்கு நடுவுல ஒரு பதம் இருக்கு, போகப்போகத் தெரிஞ்சுக்குவ.

உள்ள கண்ணாடி போட்ட ஒரு அம்மா. தாளை எல்லாம் படிச்சுட்டு, “மகள் தாயோட வெளிநாட்டுல தங்கிப் படிக்குறதுக்கு உங்களுக்குச் சம்மதமா? வாயால சொல்லணும்”னாங்க. சொன்னேன். “கேக்கல, சத்தமா சொல்லுங்க”ன்னாங்க. திரும்பச் சொன்னேன். எனக்கே கேக்கல. அந்த அம்மா எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணி கொண்டுவந்து வெச்சாங்க. குடிச்சேன். அதுக்கப்புறம்தான் சொல்ல முடிஞ்சுது. எழுதிக்கிட்டாங்க. கையெழுத்துப் போட்டேன்.

வெளிய வந்தேன். அய்பேரி பெஞ்சுல உக்காந்து காலை ஆட்டிக்கிட்டிருந்தா.

“உள்ள என்னப்பா சொன்னீங்க?”

“சரின்னு சொன்னேன்.”

“அவ்வளவுதானா? அதுக்கா இவ்வளவு நேரம்?”னு கேட்டா.

குபாத்